வாத்துக்கிடையில் விடுபட்ட பிள்ளை

பாண்டிச்செல்வி உட்கார்ந்திருந்து பார்த்தவர்கள் சோழவந்தான் வட்டாரத்தில் குறைவு. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலை கிடைத்தவர்கள் பாவம், நிம்மதியாக ஒரு வாய் பாயசம் குடிக்க முடியாது. "அந்தா, அந்தப் புள்ளைக்கு யாரும் சோறு வைக்கலையே" என்று பாதியில் எழுந்து போய்விடுவாள், இவர்கள் அவள் இலைக்குக் காவல் இருக்க வேண்டும். அவள் புருஷன் பீமாராவ் பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அதிகம் பேசமாட்டான். "ஒன்னையக் கட்டுனதுக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டக் கட்டியிருக்கலாம், அதாச்சும் ராத்திரி கொஞ்சம் அடங்கும்" என்று எப்போதாவது சொல்வான்.

வேலை அங்கன்வாடியில். ஊர் வாயில் அது இன்னமும் பால்வாடிதான், அவள் டீச்சர்தான். வைகைக் கரையை ஒட்டிய சின்ன ஊர் அது. அவளைப் பெற்றவர்கள் அதே ஊர் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் பால்வாடி மேலத்தெருவில் இருந்தது. இவள் தெருப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை, போனாலும் யாரும் வாவென்று கூப்பிடவில்லை. பத்தாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறி முடித்து, அலைந்து திரிந்து இந்த வேலையை வாங்கினாள். இன்றைக்கு அந்தப் பால்வாடிச் சாவி அவள் இடுப்பில் தொங்குகிறது. அதைச் சொல்லிக் காட்டுகிற பழக்கமெல்லாம் அவளுக்கு இல்லை. ஆனால் மேலத்தெருவைக் கடக்கும்போது சாவி கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடும்.

வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், குடற்புழு மாத்திரை கொடுக்கிற நாள் வரும். ஊரில் அதற்குப் பூச்சி மாத்திரை என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை. மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டு, வாத்தியார் கண் முன்னால் வரிசையில் நின்று மென்றுவிட்டுப் போய்விடும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளைகள்தான் பாண்டிச்செல்வியின் தலைவலி. சூளையில் செங்கல் புரட்டிப் போடுகிற பிள்ளை, கரும்பு வெட்ட வந்த கூட்டத்தோடு திரிகிற பிள்ளை, ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளை. சேற்றிலும் மண்ணிலும் கிடப்பதால் வயிற்றில் புழு அதிகம் இருப்பதும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான். அவர்களுக்கும் அங்கன்வாடிதான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு போட்டவர்கள் அந்தப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இந்த வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் ஒரு வாத்துக்கிடை இறங்கியிருந்தது. தாளடியில் சிந்திக் கிடக்கிற நெல்லையும் நத்தையையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். ஒரு வயல் தீர்ந்தால் அடுத்த வயல், அது தீர்ந்தால் அடுத்த ஊர். வாத்துக்காரன் முத்திருளன், பெண்டாட்டி சோணையம்மாள், ஒரே மகள் ஆர்த்திகா. வரப்பில் ஒரு தார்ப்பாய்க் கூடாரம், அவ்வளவுதான் குடும்பம். ஆர்த்திகாவுக்கு ஆறு வயது. கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்னால் வந்து நின்றது. பாண்டிச்செல்வி அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். சிவந்திருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. பிள்ளை மண் வேறு தின்கிறது என்று தாய் சொன்னாள்.

பார்த்து என்ன செய்ய? மாத்திரை நாளன்று பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்கு அந்த மாத்திரை கொடுக்கக் கூடாது.

"கையில குடுத்துட்டுப் போங்க டீச்சர். காய்ச்சல் விட்டதும் நானே குடுத்துர்றேன்" என்றாள் சோணையம்மாள்.

"கையில குடுக்கக் கூடாதும்மா. எங்கண்ணு முன்னாடி மெல்லணும். அவசரத்துல முழுசா முழுங்கித் தொண்டையில சிக்குச்சுன்னா யாரு பதில் சொல்றது? விடுபட்ட புள்ளைகளுக்குன்னு அடுத்த வாரம் இன்னொரு நா இருக்கு. நானே வாரேன்."

"அடுத்த வாரம் நாங்க இங்கன இருப்பமோ என்னமோ."

"இருப்பீக" என்றாள் பாண்டிச்செல்வி, வயலே தன்னுடையது மாதிரி.

அந்த வாரம் முழுக்க அவள் அவளாக இல்லை. நடுவில் ஒருநாள் கிராம நர்ஸ் ஐரினை எக்ஸெல் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து போனாள். ஐரின் பிள்ளையைப் பார்த்துக் காய்ச்சல் மருந்து கொடுத்தாள். திரும்பும்போது, "இந்தப் புள்ளைக்குப் பூச்சி மாத்திரை மட்டும் பத்தாது பாண்டி, ரத்தத்தையும் பாக்கணும்" என்றாள். சனிக்கிழமை பாண்டிச்செல்வி மறுபடி போனாள். காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளை வாத்துக்குஞ்சு ஒன்றை மடியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. மாத்திரைகளெல்லாம் சுகாதார நிலையத்தில் இருந்தன, திங்கள் காலையில்தான் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நகரவே மாட்டேன் என்றது. பாத்திரத்தைத் தேய்த்ததையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து 'எங்கே போறே' என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் 'தூரமா?' என்று பட்டும் படாமலும் கேட்பார்கள். வாத்துக்காரனிடம் அப்படிக் கேட்பது இரட்டைக் குற்றம். அடுத்து எந்த வயலில் இறங்கப் போகிறான் என்பது அவன் பிழைப்பு. அது வெளியே தெரிந்தால் இன்னொரு கிடைக்காரன் முந்திக்கொண்டு இறங்கிவிடுவான், இவன் போய்ச் சேரும்போது வயலில் வெறும் சேறுதான் இருக்கும். இதெல்லாம் பாண்டிச்செல்விக்குத் தெரியாதா? பால்வாடிப் பிள்ளைக்கே தெரியும். ஆனால் அவள் நாக்குக்கும் காலுக்கும் எப்போதுமே ஒரு போட்டி உண்டு.

திங்கள் காலையில் மாத்திரையை வாங்கிய கையோடு, பால்வாடியை உதவியாளர் ராமக்காளிடம் விட்டுவிட்டு, வண்டியை விரட்டிக்கொண்டு போனாள். கூடாரம் இருந்த இடத்தில் கூடாரம் இல்லை. ரோட்டோரம் லாரி நின்றது. தட்டுத் தட்டாக அடுக்கிய கூண்டுகளில் வாத்துகளை ஏற்றியாகிவிட்டது. முத்திருளன் சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கும்பிட்ட கையை இன்னும் கீழே இறக்கவில்லை. சோணையம்மாள் பிள்ளையோடு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

பாண்டிச்செல்வி வண்டியை ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்து கேட்டாள்:

"அண்ணே, எங்க கெளம்பிட்டீக?"

டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டான். கூண்டுக்குள் வாத்துகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. வார்த்தை வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

முத்திருளன் ரோட்டோரம் தரையில் உட்கார்ந்தான். சோணையம்மாள் இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். புறப்படும்போது சகுனம் கெட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவது வழக்கம். போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கம் ஒருத்தன் இப்படித்தான் கேட்டான். போய் இறங்கிய அன்றே, மருந்தடித்த வயல் தண்ணீரைக் குடித்து வாத்துகள் கும்பல் கும்பலாகச் செத்தன. அதிலிருந்து எழுந்து நிற்க முத்திருளனுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"வாய் தவறிக் கேட்டுப்புட்டேண்ணே. மாப்புக் குடுங்க. புள்ளைக்கு மாத்திரையக் குடுத்துட்டுப் போயிர்றேன், ஒரு நிமிசம்."

"வேணாம்."

"அண்ணே, புள்ள வெளுத்துப்போய்க் கெடக்கு."

"வழிமறிச்சுக் கேட்டது போதும். அதே ஆளு கையால எம்புள்ள வாயில எதையும் போட வேணாம். நீ போ டீச்சர்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பாண்டிச்செல்வியும் பதிலுக்கு ஒரு பாட்டம் சண்டை போட்டுக் காரியத்தைச் சாதித்திருப்பாள், சண்டை அவளுக்குக் கைவந்த கலை. இப்படித் தணிந்து பேசுகிறவனிடம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரி புறப்பட்டது. ஜன்னலில் சோணையம்மாள் அவளைத் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. பாண்டிச்செல்வி கையிலிருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அந்தப் பார்வைதான் அன்று முழுக்க அவளை இருக்கவிடாமல் அடித்தது. தாய் கேட்டாளே, கையில் கொடுத்துவிட்டுப் போ என்று. கொடுத்திருந்தால் பிள்ளை இந்நேரம் மென்று முடித்திருக்கும். கொடுக்கக் கூடாது என்ற விதி சரிதான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. தொண்டையில் சிக்கி மூச்சு முட்டிய பிள்ளையைப் பற்றிப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். விதி சரி, ஆனால் பிள்ளை போய்விட்டதே. விதியைச் சொல்லித் தடுத்ததும் இவள், வாயை விட்டு விரட்டியதும் இவள். டீக்கடையில் விசாரித்தாள். ஒருத்தன் லாரி திண்டுக்கல் ரோட்டில் போனது என்றான், இன்னொருத்தன் செக்கானூரணிப் பக்கம் என்றான், மூன்றாவது ஆள் எந்த லாரி என்று கேட்டான். செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கும்போதும் கண் ரோட்டிலேயே இருந்தது. "டீச்சர், நான் மென்னுட்டேன், வாயப் பாருங்க" என்று ஒரு பிள்ளை ஆவென்று நின்றது, அதைக்கூட இரண்டாம் முறைதான் கவனித்தாள்.

சாயங்காலம் மீதி மாத்திரையை ஒப்படைக்கும்போது ஐரினிடம் கெஞ்சினாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும் சிஸ்டர். நாளைக்குள்ள தேடிப் பிடிச்சிருவேன்."

"எங்கன்னு போய்த் தேடுவ?"

"தெரியல."

ஐரின் டப்பாவைத் திறந்தாள். "ஒண்ணு எதுக்கு? துப்பிருச்சுன்னா என்ன செய்வ? ரெண்டா வச்சுக்க. பிள்ளை கெடச்சா எனக்கு ஒரு போன் போடு" என்றாள்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி நின்றுகொண்டிருந்தாள். பீமாராவ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். அதற்குப் பிறகுதான் பேசினான்.

"வாத்தத் தேடுனா கெடைக்காது. முட்டையத் தேடு. எந்த மூலைக்குப் போனாலும் வெள்ளன முட்டை எடுக்க வண்டி போய்த்தான ஆகணும்? மார்க்கெட்டுல பால்பாண்டின்னு ஒரு ஆளு, முத்திருளன் முட்டையெல்லாம் அவருக்குத்தான். காலையில எங்கூட வா."

பால்பாண்டி பரவை மார்க்கெட்டுக்கு வெளியே குட்டியானை வண்டியில் காலி முட்டை அட்டைகளை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் வாய் ரொம்பக் கெட்டி. எந்தக் கிடை எங்கே கிடக்கிறது என்பதை மனதிலேயே பூட்டி வைத்திருப்பதால்தான் இத்தனை கிடைக்காரர்கள் அவரை நம்பி முட்டை கொடுக்கிறார்கள்.

"அது மட்டும் கேக்காத டீச்சர். ஒருத்தன் எடத்த வெளிய விட்டேன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒருத்தனும் எனக்கு முட்டை போட மாட்டான்."

"முட்டை வாத்துதான போடப்போகுது, நீங்க ஏன் வெசனப்படுறீக? நான் வாத்து எங்கன்னு கேக்கலண்ணே. புள்ள எங்கன்னு கேக்குறேன்."

"ரெண்டும் ஒரே வயல்லதான் கெடக்கு" என்றார் பால்பாண்டி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. தெருவில் நின்று அழுகிற ஆள் இல்லை அவள். அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பீமாராவைப் பார்த்தார், பீமாராவ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"சரி, பின்னாடி ஏறு. ஊருப் பேரு நான் சொல்லல, நீயும் கேக்காத. ஏற்கெனவே கேட்டுக் கேட்டுத்தான் இம்புட்டுத் தூரம் ஆயிருக்கு."

அட்டைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி சுற்றுச்சாலையில் ஏறியது. இறங்கித் தள்ளினாலாவது வேகமாகப் போகுமோ என்று இருந்தது அவளுக்கு. வழியில் இன்னும் இரண்டு கிடைகளில் முட்டை எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளே குதித்து இறங்கி அட்டைகளைத் தூக்கிக் கொடுத்தாள், சீக்கிரம் கிளம்பட்டும் என்று. அவள் வேகத்தைப் பார்த்துப் பால்பாண்டி, "முட்டை, டீச்சர், முட்டை" என்று பதறினார்.

அவனியாபுரம் தாண்டி ஒரு கண்மாய்க்குக் கீழே வண்டி நின்றது. விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்க, வயல் நிறைய வாத்துகள் ஒரே நேரத்தில் கழுத்தைச் சாய்த்து வானத்தைப் பார்த்தன. வரப்பில் அதே தார்ப்பாய். ஆர்த்திகா அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், உதட்டில் ஈர மண். பாண்டிச்செல்வி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி ஓடினாள்.

சோணையம்மாள் அடுப்பை விட்டு எழுந்து நின்றாள். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. பிள்ளையின் வாயைக் கழுவிவிட்டுத் தள்ளி நின்றாள். பாண்டிச்செல்வி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். ஆர்த்திகா ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்து, துப்பிவிட்டாள். மாத்திரை சேற்றில் போய் விழுந்தது.

அதற்குள் முத்திருளன் வயலின் அந்தக் கோடியிலிருந்து கம்போடு வந்துவிட்டான். முதலில் பால்பாண்டியைப் பார்த்தான். பால்பாண்டி முட்டை எண்ணுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டார்.

"இங்கயும் வந்துட்டியா? ஒனக்கு என்னதான் வேணும் டீச்சர்? இது ஒன் ஊருகூடக் கெடையாதே."

"எனக்கு ஒண்ணும் வேணாம்ணே" என்றாள். "அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரம்மா கையில குடுன்னு கேட்டாக. நான் குடுக்கல. நேத்து நீங்க நல்லபடியா கெளம்புனீக. நான் வாயை விட்டு மறிச்சுட்டேன். ரெண்டும் நான் செஞ்சது. புள்ள என்ன செஞ்சுச்சு? என்னைய ரெண்டு அடி வேணா அடிங்க. மாத்திரைய மட்டும் அதத் திங்கச் சொல்லுங்க."

முத்திருளன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். இறங்கி வருவது மாதிரித் தெரியவில்லை.

சோணையம்மாள் அப்போதுதான் பேசினாள். புருஷனைப் பார்த்து அல்ல, வாத்துகளைப் பார்த்து.

"இதுகளுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து குடுக்குறீக. குஞ்சக்கூட விடுறதில்ல. இருமுற வாத்தத் தனியாப் பிடிச்சு, வாயத் தொறந்து, தொண்டையத் தடவித் தடவி உள்ள எறக்குறீக. ஆறு வருசமா எம்மகளுக்கு ஒருவாட்டி குடுத்திருக்கமா?"

முத்திருளன் மகளைப் பார்த்தான். கம்பைக் கீழே போட்டான். கைகளை வாய்க்காலில் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, மகளைத் தூக்கி மடியில் இருத்தினான். பாண்டிச்செல்வியிடம் கையை நீட்டினான்.

"குடு."

அவள் கொடுக்கவில்லை. மீதியிருந்த இன்னொரு மாத்திரையைத் தானே பிள்ளையின் வாயில் வைத்தாள். "நீங்க மெல்லுறாப்புல காமிங்கண்ணே, பாத்து மெல்லும்" என்றாள்.

முத்திருளன் வெறும் வாயை மென்றான். மீசையெல்லாம் ஏறி இறங்க, கடைவாயால், மாடு அசைபோடுகிற மாதிரி மென்றான். ஆர்த்திகா அப்பனையே பார்த்துக்கொண்டு மென்றாள். முகத்தைச் சுளித்தாள், நிறுத்தினாள், அவன் நிறுத்தாமல் மென்றுகொண்டே இருந்ததைப் பார்த்து மறுபடி மென்றாள். கடைசியில் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கில் ஒன்றும் இல்லை. பாண்டிச்செல்வி நாக்குக்கு அடியிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

பிறகு ஐரின் சொன்னதைச் சொன்னாள். இது பூச்சிக்குத்தான், பிள்ளைக்கு ரத்தம் இல்லை, சோதித்துப் பார்க்க வேண்டும், இரும்புச்சத்து மருந்து நாள் விடாமல் கொடுக்க வேண்டும், நர்ஸ் வந்து பார்க்கத் தயார். இன்றைக்குச் சாயங்காலம் வயிறு வலித்தால் பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் சொன்னவள், நர்ஸ் எந்த ஊருக்கு வந்து பார்ப்பது என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டாள். அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பால்பாண்டி வண்டியிலிருந்து ஹாரன் அடித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"வியாழக்கெழம வலையங்குளத்துல கெடப்போம்."

திரும்பிப் பார்த்தாள். முத்திருளன் மகளின் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"கண்மாய்க்குத் தெக்குக் கரை. வெள்ளன வந்தா நல்லது. நர்சம்மாவக் கூட்டிட்டு வா."

பால்பாண்டி கையில் முட்டை அட்டையோடு அப்படியே நின்றார். சோணையம்மாள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து, லாரி கிளம்புவதற்கு முன்னால் அடுத்த ஊர்ப் பெயர் அவள் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.